சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம் என்பது, சென்னை சிட்டி கழகம் இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் போட்டித் தொடரில் பங்கேற்ற மூன்றாவது பருவம் ஆகும். இப்பருவத்தில் இக்கழகம் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று வாகையர் பட்டத்தை வென்றது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் கழகத்தைவிட இது ஒரு புள்ளி மட்டுமே கூடுதலாகும். ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் இதுவே. எனினும், இவ்வெற்றியினால் இக்கழகம் இந்தியன் சூப்பர் லீக் தொடருக்கு உயர்த்தப்படவில்லை. அப்போது அதற்கான வழிமுறை எதுவும் நடைமுறையில் இல்லை.

லீக் அமைப்பில் ஐ-லீக்கின் இடம்

பெரும்பாலான நாடுகளில் கால்பந்துக் கழகங்கள் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கீழடுக்கின் சிறந்த கழகங்கள் மேலடுக்கிற்கு உயர்த்தப்படுகின்றன. மேலடுக்கின் கடைசிக் கழகங்கள் கீழே இறக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் தொடரிலிருந்து மூன்று கழகங்கள் பிரீமியர் லீக்கிற்கு உயர, அங்கிருந்து மூன்று கழகங்கள் இறங்குகின்றன.

இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. 2007 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஐ-லீக் நாட்டின் முதன்மைத் தொடராக விளங்கியது. 2014 ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. இது உரிமக் கட்டணம் செலுத்திய அணிகளைக் கொண்டு நடத்தப்பட்ட மூடிய தொடராகும். 2017–18 பருவம் முதல் இரு தொடர்களும் ஒரே காலத்தில், இணையாக நடத்தப்பட்டன. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஐ-லீக் வாகையருக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இடமும், இந்தியன் சூப்பர் லீக் வாகையருக்கு ஏஎஃப்சி கோப்பையில் இடமும் வழங்கப்பட்டன.

எனவே 2018–19 பருவத்தில் ஐ-லீக், சட்டப்படி இரண்டாம் அடுக்கு அன்று. ஆனால் பண வசதி, விளம்பரம், தொலைக்காட்சி ஒளிபரப்பு, வீரர்களின் ஊதியம் ஆகியவற்றில் அது இரண்டாம் அடுக்காகவே நடத்தப்பட்டது. ஐ-லீக்கிற்குக் கீழிருந்து மேலேறும் வழி இருந்தது. ஐ-லீக்கிலிருந்து மேலேறும் வழி இல்லை.

பின்னணி

சென்னை சிட்டி கழகம் 2016–17 பருவத்தில் நேரடி நுழைவு மூலம் ஐ-லீக்கில் சேர்க்கப்பட்டது. அப்பருவத்திலும் அடுத்த பருவத்திலும் பத்து அணிகளில் எட்டாம் இடத்தையே பெற்றது. முதல் பருவத்தில் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் விளையாடிய இக்கழகம், பின்னர் கோயம்புத்தூரிலுள்ள அதே பெயர் கொண்ட அரங்கைத் தனது தாய் அரங்காகக் கொண்டது. இதனால், சென்னை என்ற பெயரைத் தாங்கிய கழகத்தின் உள்ளூர் ஆட்டங்களைக் காண, சென்னை நகரத்தாரும் அதன் புறநகர்ப் பகுதியினரும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. சென்னையின் நேரு அரங்கம், இந்தியன் சூப்பர் லீக் கழகமான சென்னையின் எஃப்சியின் தாய் அரங்காக விளங்கியது.

2017–18 பருவத்தில் சென்னை சிட்டிக்காகச் சிறப்பாக ஆடிய கன்னியாகுமரி மாவட்ட வீரர் மைக்கேல் சூசைராஜ், பருவம் முடிந்ததும் இந்தியன் சூப்பர் லீக் கழகமான ஜாம்ஷெட்பூர் எஃப்சியில் இணைந்தார். கழகம் மேலேற முடியாத நிலையில், அதன் வீரர்கள் மட்டும் மேலேறிச் சென்றனர்.

அணி

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். பந்தை நீண்ட தூரம் உதைத்து அனுப்பாமல், குறுகிய கடத்தல்கள் மூலம் பின்களத்திலிருந்து ஆட்டத்தை வளர்த்தெடுக்கும் முறையை இவ்வணி கையாண்டது. இதற்கேற்ப ஸ்பெயின் நாட்டின் கீழ்நிலைத் தொடர்களில் ஆடிப் பழகிய வீரர்கள் சேர்க்கப்பட்டனர். முன்கள வீரர் பெட்ரோ மான்சி, நடுக்கள வீரர்கள் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், பின்கள வீரர் ராபர்டோ எஸ்லாவா ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

அணியின் மற்றொரு பகுதி தமிழ்நாட்டு வீரர்களால் ஆனது. எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு, அஜித்குமார் காமராஜ் முதலியோர் இப்பருவத்தில் ஆடினர். அசாமைச் சேர்ந்த கௌரவ் போராவும் அணியில் இடம்பெற்றிருந்தார்.

பருவத்தின் போக்கு

இப்பருவத்தில் 11 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற பத்து அணிகளுடன் உள்ளூரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை என 20 ஆட்டங்கள் ஆடியது. வெற்றிக்கு 3 புள்ளிகளும், சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்பட்டன.

2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் நடைபெற்ற தொடக்க ஆட்டத்தில், சென்னை சிட்டி இந்தியன் ஆரோஸ் அணியை 4–1 என்ற கணக்கில் வென்றது. இதில் மான்சி மூன்று கோல்கள் அடித்தார். பருவத்தின் முடிவில் அவரது கோல்களின் எண்ணிக்கை 21 ஆக இருந்தது. சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டியதால், அதிக கோல் அடித்தவர் என்ற சிறப்பை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

பட்டத்திற்கான போட்டியில் ஈஸ்ட் பெங்காலுடனான இரு ஆட்டங்களும் முதன்மையானவை. கொல்கத்தாவிலும் கோயம்புத்தூரிலும் நடைபெற்ற இவ்விரு ஆட்டங்களையும் சென்னை சிட்டி 2–1 என்ற கணக்கிலேயே வென்றது. இறுதியில் இரு கழகங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு புள்ளி மட்டுமே என்பதை நோக்கினால், இந்த ஆறு புள்ளிகளின் மதிப்பு விளங்கும்.

இறுதி நாள்

2019 மார்ச் 9 அன்று இறுதி ஆட்டங்கள் நடைபெற்றன. அன்று காலை சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் இருந்தன. ஈஸ்ட் பெங்கால் வென்றால் 42 புள்ளிகளை எட்டிவிடும் என்பதால், சென்னை சிட்டிக்குச் சமநிலை போதுமானதாக இருக்காது. இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின.

கோயம்புத்தூரில் சென்னை சிட்டியை எதிர்கொண்டது, முந்தைய பருவத்தின் வாகையரான மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய 3ஆவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா கோல் அடித்து மினர்வாவை முன்னிலைப்படுத்தினார். இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. 56ஆவது நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக மாற்றினார். 69ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார்.

இதே வேளையில் கோழிக்கோட்டில், கோகுலம் கேரளா கழகத்திடம் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால், இறுதிக் கட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்து 2–1 என வென்றது. எனவே கோயம்புத்தூரில் மினர்வா மேலும் ஒரு கோல் அடித்திருந்தால் பட்டம் கொல்கத்தாவிற்குச் சென்றிருக்கும். கூடுதல் நேரத்தின் 3ஆவது நிமிடத்தில் போரா தனது இரண்டாவது கோலை அடிக்க, சென்னை சிட்டி 3–1 என்ற கணக்கில் வென்று பட்டத்தை உறுதி செய்தது.

முதல் மூன்று இடங்கள்

1. சென்னை சிட்டி – 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி – 43 புள்ளிகள்
2. ஈஸ்ட் பெங்கால் – 13 வெற்றி, 3 சமநிலை, 4 தோல்வி – 42 புள்ளிகள்
3. ரியல் காஷ்மீர் – 10 வெற்றி, 7 சமநிலை, 3 தோல்வி – 37 புள்ளிகள்

மூன்றாமிடம் பெற்ற ரியல் காஷ்மீர், 2017–18 பருவத்தில் ஐ-லீக் இரண்டாம் பிரிவை வென்று உயர்ந்து வந்த கழகமாகும். கடைசி இடம் பெற்ற ஷில்லாங் லஜோங் கீழே இறக்கப்பட்டது.

ஒரே நகரின் இரு கழகங்கள்

இதே 2018–19 பருவத்தில், முந்தைய ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் வாகையரான சென்னையின் எஃப்சி, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பத்து அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்தது. உயர்வும் இறக்கமும் நடைமுறையிலுள்ள ஒரு நாட்டில், இவ்விரு சென்னைக் கழகங்களும் தம் இடங்களை மாற்றிக்கொண்டிருக்கும். இங்கு இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இரு தொடர்களின் தர வேறுபாட்டை அளவிடும் வாய்ப்பு, புவனேசுவரில் நடைபெற்ற 2019 சூப்பர் கோப்பையில் கிடைத்தது. ஐ-லீக் கழகங்கள் பல இப்போட்டியைப் புறக்கணித்தபோதும் சென்னை சிட்டி பங்கேற்றது. முதலில் புனே சிட்டி கழகத்தை 4–2 எனவும், காலிறுதியில் அவ்வாண்டின் இந்தியன் சூப்பர் லீக் வாகையரான பெங்களூரு எஃப்சியை 2–1 எனவும் வென்றது. அரையிறுதியில் கோவா எஃப்சியிடம் 0–3 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்சியை 2–1 என வென்று கோவா எஃப்சி கோப்பையைக் கைப்பற்றியது.

பின்விளைவுகள்

2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கால்பந்துக் கழகம், சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2020 சனவரி 14 அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் சென்னை சிட்டி 0–1 எனத் தோற்றது.

வாகையர் அணி விரைவில் கலைந்தது. வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், கோர்டில்லோ ஐதராபாத் எஃப்சிக்கும் சென்றனர். மான்சி, 2020 தொடக்கத்தில் சப்பானின் இரண்டாம் அடுக்கில் அப்போது ஆடிவந்த அல்பிரெக்ஸ் நிகாடா கழகத்தில் சேர்ந்தார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவா எஃப்சியில் இணைந்தார்.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியாவிற்கான திட்டம் ஒன்றை ஏற்றது. இதன்படி இந்தியன் சூப்பர் லீக் முதல் அடுக்காகவும், ஐ-லீக் அதற்கு அடுத்த நிலையிலும் வைக்கப்பட்டன. 2022–23 பருவம் முதல் ஐ-லீக் வாகையர், உரிமக் கட்டணமின்றி முதல் அடுக்கிற்கு உயரலாம் எனவும் முடிவாயிற்று. அவ்வாறு முதலில் உயர்ந்தது 2022–23 வாகையரான பஞ்சாப் கழகம். அடுத்த ஆண்டில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் உயர்ந்தது.

அந்தக் கதவு திறந்தபோது சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை. உரிம விதிகளை நிறைவு செய்யாத காரணத்தால் அக்கழகம் தொடரிலிருந்து நீக்கப்பட, 2020–21 பருவமே ஐ-லீக்கில் அதன் கடைசிப் பருவமாக அமைந்தது. அதாவது, பட்டம் வென்ற ஆட்டத்திற்கும் தொடரிலிருந்து நீங்கியதற்கும் இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகும்.