எழுத்து நம்முடையது, சாவி யாருடையது?

கெர்லிங் என்றால் பலருக்குச் சுடுநீர் ஊற்றுதான் நினைவுக்கு வரும். கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிம் செல்லும் பழைய சாலையில், கண் மூடித் திறப்பதற்குள் கடந்து போய்விடும் சிற்றூர் அது. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ கெர்லிங் என்பது லயத்து வீடு, தோட்டத்துக் கோயில், தமிழ்ப்பள்ளி. நானும் அவர்களுள் ஒருத்தி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள்.

என் பெரியப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின், 2006-ஆம் ஆண்டில், பழைய கணினி ஒன்றை வாங்கினார். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருளையும் காசு கொடுத்து வாங்கினார். பிறகு இரண்டே விரல்களால் தட்டித் தட்டி, இரண்டு ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தின் கதையை எழுதினார். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், யார் எங்கே மாறிப் போனார் என்று பெயர் பெயராக ஒரு பட்டியலும் அதில் உண்டு. இன்று அந்த லயங்கள் இல்லை. மக்கள் ரவாங், தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர் என்று சிதறிவிட்டனர். பெரியப்பாவும் 2015-இல் காலமாகிவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், அவர் தமக்குத்தாமே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்த அந்தக் கோப்பு என் கைக்குக் கிடைத்தது. ஆவலோடு திறந்தேன். நாற்பது பக்கங்கள் இருந்தன. ஒரு தமிழெழுத்துகூட இல்லை! ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள், இடையிடையே கேள்விக்குறிகள்.

அந்த நாற்பது பக்கங்களுக்கும் எனக்கும் நடுவே மூன்று பூட்டுகள் தொங்கின. அவை எப்படிப்பட்ட பூட்டுகள் என்பதை விளக்கவே இக்கட்டுரை. ஏனென்றால் நண்பர்களே, அதே பூட்டுகள் உங்கள் வீட்டிலும் தொங்கிக் கொண்டிருக்கலாம்.

முதல் பூட்டு: உரிமம்

கடையில் பணம் கொடுத்துக் குடை வாங்கினால் குடை நம்முடையது. இரவல் கொடுக்கலாம், விற்கலாம், கம்பியைக் கழற்றி வேறு வேலைக்கும் பயன்படுத்தலாம். மென்பொருள் அப்படியன்று. நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் மென்பொருளுக்காக அல்ல. அதைப் பயன்படுத்தும் அனுமதிக்காக. அந்த அனுமதிதான் உரிமம். நிறுவும்போது திரையில் நீளமாக ஓடும் ஆங்கில வாசகத்தைப் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறோமே, அங்கேதான் அந்த ஒப்பந்தம் முடிவாகிறது. எத்தனை கணினியில் நிறுவலாம், பிறருக்குத் தரலாமா, பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

பெரியப்பாவின் மென்பொருள் ஒரு கணினிக்கு மட்டும் உரியது. நிறுவும்போது அந்தக் கணினிக்கென்று ஓர் எண்ணைக் காட்டும். அதை நிறுவனத்துக்குத் தெரிவித்தால் பதிலுக்குத் திறவெண் வரும். அந்தக் கணினி பழுதானதும் திறவெண்ணும் செத்துவிட்டது. குறுவட்டு என்னிடம் இருந்தது, இரசீதும் இருந்தது. ஆனால் என் மடிக்கணினி புதிய எண்ணைக் காட்டியது. நிறுவனத்துக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, அந்தப் பதிப்புக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய பதிப்பை வாங்கிக் கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பழைய கோப்பைப் புதிய பதிப்பு திறக்குமா என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் மென்பொருள் செய்தவர்களின் சந்தை மிகச் சிறியது. அந்தச் சிறிய சந்தையிலும் ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் நகல் எடுத்தோம். கோயில் திருவிழா அழைப்பிதழ் முதல் பள்ளி மலர் வரை இரவல் குறுவட்டில்தான் அச்சேறின. நாம் நகல் எடுத்ததால் அவர்கள் பூட்டுப் போட்டார்கள். அவர்கள் பூட்டுப் போட்டதால் காசு கொடுத்து வாங்கிய பெரியப்பா வெளியே நின்றார்.

இரண்டாம் பூட்டு: எண்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ‘அ’ என்று நாம் தட்டினால் அது ஓர் எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தத்தின் பெயர் குறியாக்கம்.

தொடக்கக் காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, அதாவது 256 இடங்கள் மட்டுமே இருந்தன. முதற்பாதி ஆங்கிலத்துக்கும் பொதுக் குறிகளுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் நம் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? துணைக்கால், கொம்பு, புள்ளி என்று துண்டு துண்டாக்கி அடக்கினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தார்கள். இலங்கைத் தமிழர்களிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அவை அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில் அம்மா காணாமல் போய்விடுவாள்.

இதில் பெரிய தொல்லை, ஆளுக்கொரு ஒப்பந்தம் வைத்திருந்ததுதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களுள் நம் வட்டாரத்தவர்கள் முன் நின்றார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1990-களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாப் என்னும் குறியாக்கங்களும் வந்தன. இணைய அன்பர்கள் கூடிப் பேசி அமைத்த திஸ்கி என்பதும் வழக்கில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001-இல் அம்மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

இவற்றுக்கு இணையாக, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் ஒதுக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி வளர்ந்தது. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. ‘அம்மா’ என்றால் 2949, 2990, 3021, 2990, 3006. கெர்லிங்கில் தட்டினாலும் யாழ்ப்பாணத்தில் திறந்தாலும் கைப்பேசியில் படித்தாலும் இதே எண்கள்தாம். எழுத்துருவை மாற்றினால் அம்மாவின் புடவை மாறலாம், அம்மா மாறமாட்டாள். இதற்கு யாரிடமும் திறவெண் கேட்க வேண்டியதில்லை.

பெரியப்பா வாங்கிய மென்பொருளோ தனக்கென ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தது. அதற்குரிய எழுத்துரு, திறவெண் கேட்ட குறுவட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. ஆக, முதற்பூட்டுக்குள் இரண்டாம் பூட்டு!

மூன்றாம் பூட்டு: காலாவதி

சரி, பழைய கணினியையே பழுது பார்த்தால் என்ன? பட்டணத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, “போலே பாய்க்கி, தாப்பி விண்டோஸ் புக்கான் ஒரிஜினல்லா” என்றார். பழுது பார்க்கலாம், ஆனால் போடப் போகும் விண்டோஸ் அசல் அன்று என்பது பொருள். எவ்வளவு நேர்மை பாருங்கள்!

நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்பனைக்காகத் திருட்டு நகல் எடுப்பவருக்கு ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறமிருக்க, திருட்டு நகலில் வைரஸ் வந்தால் யாரிடம் முறையிடுவது? இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்த கதைதான்.

அசலாக வாங்கினாலும் ஆயுள் உண்டு. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. புதிய விண்டோஸ் 11-ஐ நிறுவக் கணினியில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு வேண்டும். நல்ல நிலையில் ஓடும் பழைய கணினிகள் பல இதனாலேயே தேறுவதில்லை. ஒரு கணினியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

மாற்று வழி உண்டா?

உண்டு. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம் என்பதே அவர் கேட்ட கட்டற்ற மென்பொருள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இங்கும் உரிமம் உண்டு. ஆனால் அது நம் கையைக் கட்டும் உரிமமன்று, நம் உரிமையைக் காக்கும் உரிமம். நம் அரசாங்கமும் 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

கட்டற்ற மென்பொருளில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். லினக்ஸ் போட்ட என் மடிக்கணினியோடு அச்சுப்பொறியைப் பேச வைக்க ஓர் இரவு முழுக்க விழித்தேன். லிப்ரே ஆபிஸில் செய்த இடுபணியை விரிவுரையாளரின் கணினியில் திறந்தபோது அட்டவணைகள் இடம் மாறியிருந்தன. பட்டணத்துக் கடைக்காரரிடம் லினக்ஸ் என்றால் தலையை ஆட்டிவிட்டார். இலவசம் என்பதற்காக மட்டும் அதைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கோப்பின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கிறது, ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் வேறொருவர் திறக்க முடிகிறது என்பதுதான் அதன் பெரும்பயன்.

பூட்டு எப்படித் திறந்தது?

பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் உள்ளன. ஒவ்வொன்றாக முயன்றேன், எதுவும் பொருந்தவில்லை. பிறகு அம்மா ஒரு பழைய கும்பாபிஷேக மலரைத் தேடிக் கொடுத்தார். அதில் பெரியப்பாவின் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கங்கள் அச்சாகியிருந்தன. அச்சுப் பக்கத்தையும் கோப்பையும் அருகருகே வைத்து, இந்தக் குறி ‘க’, இந்தக் குறி கொம்பு என்று குறித்துக் கொண்டே வந்தேன். அரையாண்டு விடுமுறையில் இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு நாள் மாலை, திரையில் ‘எங்கள் தோட்டம்’ என்ற தலைப்பு தமிழில் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வாய்விட்டுப் படித்தார்.

ஆனால் முழுமையாகக் கிடைக்கவில்லை. மின்னஞ்சலில் போனபோது சில எழுத்துகள் எல்லாமே கேள்விக்குறிகளாகிவிட்டிருந்தன. ‘?மிழ்’ என்றால் தமிழ் என்று ஊகிக்கலாம். ஆனால் மூன்றாம் லயத்தில் ‘?ங்கம்மா’ என்று இருந்தால்? தங்கம்மாவா, ரங்கம்மாவா? சொற்களை ஊகிக்கலாம் நண்பர்களே, மனிதர்களின் பெயர்களை ஊகிக்கக் கூடாது. தஞ்சோங் மாலிமில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டேன். “ரங்கம்மா, கண்ணு. பெரட்டுக்கு மொத ஆளா நிப்பா” என்றார். அப்படிச் சில பெயர்கள் மீண்டன. நான்கு பெயர்களைச் சொல்ல இன்று யாரும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தமிழில் எதைத் தட்டச்சு செய்தாலும் ஒருங்குறியிலேயே செய்வோம். இரண்டாவது, மென்பொருள் வாங்குமுன் ‘என் கோப்பை வேறு மென்பொருளிலும் திறக்க முடியுமா?’ என்று கேட்போம். விலையைவிட அந்தக் கேள்வி முக்கியம். மூன்றாவது, தமிழுக்கு மென்பொருள் செய்பவர்களுக்கு உரிய விலையைக் கொடுப்போம். நான்காவது, வீட்டிலும் கோயிலிலும் பள்ளியிலும் கிடக்கும் பழைய கோப்புகளை, அவற்றைத் தட்டச்சு செய்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே மாற்றி வைப்போம். ஒரு பிரதியைத் தாளிலும் அச்சிட்டு வைப்போம். என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

நம் மொழிக்கழகத்தின் அலமாரியிலும் பழைய மலர்களின் குறுவட்டுகள் உள்ளன. அவற்றுள் எத்தனை இன்று திறக்கும்? வரும் விடுமுறையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாருங்கள். பெரியப்பாவின் குறித்தாளை நான் கொண்டு வருகிறேன்.