பெயரும் பத்திரமும்

தாம் இன்னார் என்பதைச் சொந்த ஊரில் எவரும் நிரூபிக்க வேண்டுவதில்லை. தெருவே சாட்சி கூறும். பிழைப்பின் பொருட்டுப் புனே நகர் வந்த தமிழருக்கோ அச்சாட்சி இல்லை. பத்திரங்களே பேச வேண்டும். எனவே, எப்பத்திரம் எதற்குச் சான்று என்பதை அறிதல் அவசியமாகும்.

முதலாவது, ஆதார். 2010 செப்டம்பர் 29 அன்று இதே மகாராஷ்டிரத்தில், நந்துர்பார் மாவட்டத்துத் தெம்ப்லி கிராமத்திலேயே முதல் எண் வழங்கப்பெற்றது. அது ஆளை அடையாளங் காட்டும், அவ்வளவே. அவ்வெண் பிரஜாவுரிமைக்கோ நிலையான வாசத்துக்கோ சான்றாகாதென 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவு கூறுகின்றது. பிரஜாவுரிமையை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயிக்கின்றது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவிற் பிறந்தோர்க்குப் பொதுவாகப் பிறந்த இடமே போதும். பின்னர்ப் பிறந்தோர்க்குப் பெற்றோரின் நிலையும் கணக்கில் வரும்.

ஆகவே, பிறப்புச் சான்றே அடிப்படை. அதனைப் பிறந்த இடத்துப் பதிவாளரே வழங்குவார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கமன்றோ? தந்தை கட்கியில் வேலை பார்ப்பினும், குழந்தை வேலூரிற் பிறந்தால் சான்று வேலூரிலிருந்தே வரும். 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவித்தல் வேண்டும். பெயரிடுமுன் பதிந்திருப்பின், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், சர்க்கார் வேலை முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இச்சான்றே ஆதாரமாதலின், பெயரிடம் வெறுமையாய் இருத்தலாகாது.

இனி, நம்மவர்க்கே உரிய தொல்லை ஒன்று. மராட்டியர் தம் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என மூன்று எழுதுவர். நாம் ஓர் எழுத்தைத் தலைப்பில் இட்டு நிறுத்துவோம். ‘மு. எழிலரசி’ என்பவர் பள்ளியில் அவ்வாறும், வங்கியில் ‘எழிலரசி முருகன்’ என்றும், பின்னர்க் கணவர் பெயருடனும் எழுதப்பெறுவார். ‘ழ’கரம் தேவநாகரியில் ‘ள’கரமாகிவிடும். ஏட்டளவில் ஒருவர் நால்வராவார். தந்தையின் பென்ஷனுக்கோ சொத்துக்கோ வாரிசாக நிற்கும் நாளில், ‘இந்நால்வரும் ஒருவரே’ என மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் விழும்.

பரிகாரம் எளிது. தலைப்பெழுத்தை விரித்து, ஆங்கில எழுத்துக்கோவை ஒன்றையே தேர்ந்து, பிறப்புச் சான்றிலேயே எழுதிக்கொள்க. ஏனைய பத்திரங்கள் யாவும் அதனைப் பின்பற்றுக. முன்னரே பிழை நேர்ந்திருப்பின், பழைய பத்திரத்திலிருந்து திருத்தத் தொடங்குக. பெயரையே மாற்றுவோர் அரசிதழ் அறிவிப்பின் பிரதியைக் காத்து வைத்தல் நலம்.