துள்ளித் திரியும் நாய்க்குத் தகுந்த இல்லம்

நன்றியறிதலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், நம் முன்னோர் முதலில் சுட்டிக்காட்டியது நாயையே. 'ஞமலி' என்பது பழந்தமிழ் இலக்கியங்களில் நாய்க்கு வழங்கிய பெயர்களுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தன் தலைவன் மாண்ட பின்னரும், 'கோவிவன்' என்னும் நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாயின் பெயர் கல்லில் ஏறியதென்றால், அது ஆற்றிய பணியே அதற்குக் காரணமாகும்.

நம் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களிலும் நாய்க்குப் பணி இருந்தது. விடியுமுன் பால் வெட்டச் செல்வோரின் பின்னே அதுவும் சென்றது. புதரில் பாம்பு இருந்தால் குரைத்து எச்சரித்தது. மரவள்ளிக் கொல்லையில் நுழையும் காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்டியது. இரவில் லயத்து வாசலில் காவல் காத்தது. நாள் முழுதும் ஓடியாடித் திரிந்ததால், அதன் உடலுக்கும் அறிவுக்கும் போதிய உழைப்புக் கிடைத்தது.

காலம் மாறியது. பல தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா முதலிய இடங்களில் உள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. நாய்களுக்கோ பல வேளைகளில் இடமில்லாமற் போயிற்று. கைவிடப்பட்ட நாய்களும் அவற்றின் குட்டிகளும் உணவு தேடித் தெருவில் அலைவதையும், வண்டியில் அடிபடுவதையும், நாய் பிடிப்போரிடம் அகப்படுவதையும் நாம் கண்டு வருகிறோம்.

இரக்கமுள்ளோர் சிலர் இத்தகைய நாய்களை மீட்டுப் பேணுகின்றனர். ஈப்போவிலுள்ள பிராணி வதைத் தடுப்புச் சங்கம் இப்பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகளுள் ஒன்று. நாயை மீட்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்கேற்ற இல்லத்தைக் கண்டறிவதே கடினமான பகுதி. அதிலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையுள்ள துடிப்பான நாய்க்கு இல்லம் அமைவது மேலும் கடினம். அது செருப்பைக் கடிக்கிறது, மண்ணைத் தோண்டுகிறது, வருவோர் மீது தாவுகிறது, வேலியைத் தாண்டி ஓடுகிறது. "இது பொல்லாத நாய்" என்று கூறி ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோரும் உளர்.

உண்மையில் அது பொல்லாத நாயன்று. வேலையிழந்த தொழிலாளியைப் போன்றது. ஓடவும் முகரவும் காவல் காக்கவும் பிறந்த உயிரைச் சும்மா கட்டிப்போட்டால், அடக்கிய ஆற்றல் வேறு வழியில் வெளிப்படத்தானே செய்யும்?

அப்படியாயின் எத்தகைய இல்லம் தகுந்தது? மூன்று வீடுகளைக் கற்பனை செய்து சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதல் வீடு, பெரிய முற்றமுள்ள தனி வீடு. வீட்டுக்காரர் வசதி படைத்தவர். ஆனால் காலையில் சென்றால் இரவில்தான் திரும்புவார். நாய் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும். இரண்டாவது வீட்டில் தவழும் குழந்தையும் நடை தளர்ந்த பாட்டியும் இருக்கின்றனர். அன்புக்குக் குறைவில்லை. எனினும், துள்ளித் தாவும் நாய் அன்பு மிகுதியாலேயே அவர்களைக் கீழே தள்ளிவிடக் கூடும். மூன்றாவது வீடு, சிறிய தரை வீடு. அங்குள்ள அண்ணன் காலையிலும் மாலையிலும் தவறாமல் நடைப்பயிற்சி செய்பவர். அவர் தங்கை பொறுமையுடன் நாய்க்குப் பழக்கம் கற்பிக்க விரும்புகிறாள். வேலியும் பழுதின்றி உயரமாக உள்ளது.

பலரும் முதல் வீட்டையே தேர்ந்தெடுப்பர். நாம் மூன்றாவது வீட்டையே தேர்ந்தெடுப்போம். பரந்த நிலம் இருந்தும் சங்கிலியின் நீளமே நாயின் உலகமாயின், அந்நிலத்தால் அதற்கு என்ன பயன்? நாய்க்கு முதலில் தேவைப்படுவது மனிதரின் நேரம். இடம் அதற்கு அடுத்தபடியே.

நாயைக் கொடுப்போர் சில வினாக்களைத் தயங்காமல் கேட்க வேண்டும். அதனுடன் நாள்தோறும் நடக்கப் போகிறவர் யார்? பகலில் அது எத்தனை மணி நேரம் தனித்திருக்கும்? வீட்டில் கோழியோ பூனையோ உண்டா? குடும்பத்தார் அனைவரும் இசைந்தனரா? வாடகை வீடாயின் உரிமையாளர் ஒப்பினாரா? அடுக்குமாடியாயின் அதன் விதிகள் இடந்தருகின்றனவா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்திற்கு நாயை அனுப்புதல் முறையன்று. நாயின் குறும்புகளை மறைக்காமல் கூறுவதும் கொடுப்போரின் கடமையாகும். மறைத்துக் கொடுத்த நாய் விரைவில் திரும்பி வரும். அல்லது மீண்டும் தெருவுக்கே போகும்.

நாயைப் பெறுவோருக்கும் கடமைகள் உள. ஊராட்சி மன்றத்தில், ஈப்போவாயின் மாநகர் மன்றத்தில், நாய்க்கு உரிமம் பெற வேண்டும். கருத்தடை செய்தால், வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவில் அலையும் நிலை தவிர்க்கப்படும். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போட வேண்டும். 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை நாம் மறத்தலாகாது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நாம் பல இனத்தவரோடு கூடி வாழ்கிறோம். நாயின் எச்சில் தம்மீது படுவதை இசுலாமிய அண்டை வீட்டார் தம் சமய நெறிப்படி தவிர்ப்பர். ஆதலால் நாயை வார்ப்பட்டையுடன் அழைத்துச் செல்வதும், அது பிறர் வாசலை அசுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்வதும், அசுத்தம் செய்தால் உடனே அகற்றுவதும் நம் பொறுப்பு. அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் இருந்தால்தான் நாயும் அவ்வீட்டில் நிலைத்து வாழ இயலும்.

புது வீட்டிற்கு வந்த நாய் முதல் சில நாள்கள் அஞ்சி ஒடுங்கும். அல்லது அளவுக்கு மீறித் துள்ளும். அப்போது அதனை அடித்தலும் அதட்டலும் கூடா. நம் நாட்டு வெயில் கடுமையானது. எனவே காலை இளவெயிலிலும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடக்க அழைத்துச் செல்லலாம். உணவைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்து, முகர்ந்து தேடச் செய்யலாம். 'உட்கார்', 'நில்', 'வா' என்னும் மூன்று சொற்களைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். அது நன்கு செய்தவுடன் பாராட்டி ஒரு துண்டு உணவு கொடுத்தால் விரைவில் கற்றுக்கொள்ளும். முழுமையாகப் பழகுவதற்குச் சில மாதங்களும் ஆகலாம், பொறுமை இன்றியமையாதது.

அடங்காத நாய் என்று ஒதுக்கப்பட்டவை அரும்பணி ஆற்றுவதும் உண்டு. அமெரிக்காவில் வில்மா மெல்வில் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியை, 1995-ஆம் ஆண்டு ஓக்லகோமா நகரில் குண்டுவெடிப்பு நிகழ்ந்தபோது, தம் நாயுடன் மீட்புப் பணியில் ஈடுபட்டார். பயிற்சி பெற்ற நாய்கள் போதவில்லை என்பதை அங்கே உணர்ந்த அவர், மறு ஆண்டில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் காப்பகங்களில் கிடக்கும் துடிப்பான நாய்களைத் தேர்ந்தெடுத்து, இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயிற்றுவிக்கிறது. வீட்டில் 'தொல்லை' எனப்பட்ட ஓயாத சுறுசுறுப்பே, அங்கே மனித உயிரைக் காக்கும் திறமையாகிறது.

மாணவர்களே, ஒரு நாய்க்குட்டியைக் கண்டதும், "அம்மா, இதை நாம் வளர்ப்போம்" என்று கேட்பது எளிது. அதற்கு முன், "நாள்தோறும் இதனுடன் நடக்க எனக்கு நேரம் உண்டா?" என்று உங்களையே கேளுங்கள். இல்லையெனில், நேரமுள்ள ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுங்கள். அதுவும் அந்த நாய்க்கு நீங்கள் செய்யும் பேருதவியே. தோட்டத்தில் நம் பாட்டன் பாட்டியருக்குக் காவல் நின்ற நாய்களின் வழித்தோன்றல்கள் இன்று தெருவில் நிற்கின்றன. அவற்றிற்குத் தகுந்த வாசலைக் காட்டுவது நம் நன்றிக்கடனாகும்.