நூறு சதவீதத்துக்கு வெளியே

பொதுத்தேர்வு முடிவு வந்த வாரத்தில் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியிலிருந்து ஐகிரவுண்டு வரை ஒரு நடை போனால் போதும். எந்தப் பள்ளியில் எத்தனை சென்டம் என்பது ஃப்ளெக்ஸ் பலகைகளிலேயே தெரிந்துவிடும். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பலகைகளை யாராலும் நிறுத்த முடியவில்லை. தூய யோவான் கல்லூரி (1878), சாராள் தக்கர் (1895), தூய சவேரியார் (1923) என்று அடுத்தடுத்து கல்லூரிகள் எழும்பிய ஊர் இது. படிப்பில் போட்டி இங்கே பழைய சங்கதி.

'நூறு சதவீதத் தேர்ச்சி' என்பது பொய்யில்லை. ஆனால் எத்தனை பேரில் நூறு? சுமாராகப் படிக்கும் பிள்ளைக்குச் சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்துவிடுகின்றன என்ற புகார் தமிழ்நாடு முழுக்க உண்டு. தேர்ச்சிக் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை. பெற்றோரின் புலம்பலிலோ கணக்கு இல்லை. எண்ணிக்கையையும் வாய்ச்சொல்லையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்து, ஒன்றால் மற்றொன்றைச் சோதிப்பதைத்தான் கலப்பு முறை ஆய்வு என்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணம், நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021 ஜூனில் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே.ராஜன் குழு. மருத்துவச் சேர்க்கை விவரங்களை ஆண்டுவாரியாக எடுத்துவைத்துக்கொண்டு, மறுபக்கம் பொதுமக்களிடம் கருத்தும் கேட்டது. வந்து குவிந்தவை 86,342. இடம் பிடித்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம் என்றது அறிக்கை. போட்டி இன்னும் ஒரு வருடப் படிப்பு, இன்னும் ஒரு வருடக் கோச்சிங் கட்டணம் என்று நீண்டுவிட்டதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. கருத்துகளின் எடை வேறு. தானாக எழுதி அனுப்புகிறவர் ஏற்கெனவே கோபமோ ஆர்வமோ கொண்டவர். கோச்சிங் பக்கமே போகாமல் ஒதுங்கிய பிள்ளை எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

ஆந்திரத்தில் வேறு மாதிரி செய்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில், தனியார் பள்ளியில் சேர உதவித்தொகையைக் குலுக்கல் போட்டுக் கொடுக்க வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தேர்வு வைத்தால், தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு வித்தியாசமே இல்லை. இதோடு விட்டிருந்தால் 'தனியார் பள்ளியால் பயனில்லை' என்று முடிந்திருக்கும். கால அட்டவணையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: தனியார் பள்ளிகள் அந்த இரு பாடங்களுக்கும் நேரத்தைக் குறைத்து, இந்தி போன்றவற்றுக்குக் கொடுத்திருந்தன. இந்தியில் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே முன்னால் நின்றார்கள்.

தாமிரபரணிக் கரையில் இப்படியோர் ஆய்வுக்குப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் (EMIS) பதிவேட்டில் ஒரு எண் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேர் பள்ளி மாறினார்கள், பாளையங்கோட்டையிலிருந்து யார் சேரன்மகாதேவிக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ திரும்பினார்கள் என்று அதைக்கொண்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை அதிகமான ஊர்களைப் பொறுக்கிக்கொண்டு, அதன்பிறகு வீடு வீடாகப் போக வேண்டும். பள்ளி வளாகத்தில், தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் எந்தத் தாயும் வாய்திறக்க மாட்டார். டி.சி.யைப் பார்த்தும் பயனில்லை. காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் 'பெற்றோர் விருப்பம்' என்றுதான் இருக்கும்.