உங்களுக்குத் தெரியுமா? கடுங்காவலுக்குப் போன ‘சர்’!

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பலர் கணக்கு வைத்திருக்கும் இந்தியன் வங்கி, ஒரு வெள்ளைக்காரத் துரையின் திவாலில் பிறந்தது.

• சென்னையில் கொடிகட்டிப் பறந்த அர்புத்நாட் கம்பெனி, 1906 அக்டோபர் 22 அன்று கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அம்போ!

• அதற்குச் சற்று முன்தான் கம்பெனியின் லண்டன் கூட்டாளி மெக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து இறந்திருந்தார்.

• கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் அர்புத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். வெள்ளையர் ஆட்சியில் ‘சர்’ பட்டக்காரருக்கே சிறை என்றால் ஊரே வாயைப் பிளந்திருக்காதா?

• பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் துணையோடு சுதேசி வங்கி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இந்தியன் வங்கி. அது செயல்படத் தொடங்கிய நாள்: 1907 ஆகஸ்ட் 15. சுதந்திரத்துக்குச் சரியாக 40 ஆண்டு முன்பு!