காணாமல் போன விசை

விசைப்பலகையில் ஓர் எழுத்தைக் காணவில்லை. விசை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, கண்ணும் அதன் மேல்தான் இருக்கிறது. ஆனாலும் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக டைப் அடித்தே பிழைத்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் எப்படி இருக்கும்?

ஆங்கிலேய மிகுபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு நேர்ந்தது. முதலில் தட்டச்சில் பிழைகள் கூடின. பிறகு எழுத்துக்கூட்டலும் தடுமாறியது. லேசான பக்கவாதம் வந்து போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2007 டிசம்பரில், தமக்கு வந்திருப்பது அல்சைமர் என்று அவரே வாசகர்களுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 59.

அல்சைமர் என்றதும் நமக்குப் பேரனின் பெயரை மறந்த தாத்தாதான் நினைவுக்கு வருவார். வழக்கமாக இந்த நோய் நினைவுகளைச் சேமிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பக்கம்தான் முதலில் கை வைக்கும். பிராட்செட்டுக்கு வந்தது அபூர்வமான வேறு வகை. மூளையின் பின்பகுதி சுருங்குகிற இந்த வகையை 1988-ல் ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்தார். பார்த்ததைப் பொருளாக்கிக் காட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்த இடம் பழுதானால், கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயனில்லை. மேசை மேல் இருக்கும் சாவி தெரியாது, படிக்கும்போது வரி தவறிப்போகும், சட்டையில் கை நுழைக்கும் துளை எதுவென்று புரியாது. இத்தகைய நோயாளிகள் பலர் கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தபடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். பேச்சும் நினைவும் ஆரம்பத்தில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இங்கேதான் எனக்கு வியப்பு. எழுதுவது ஒரே வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பல வேலைகளின் கூட்டு. மனிதன் பேசத் தொடங்கி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்புதான் எழுத்து வந்தது. எழுத்துக்கென்று தனி உறுப்பு முளைக்க மூளைக்கு அவகாசமே இல்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஓர் ஓரத்தை அது எழுத்துக்காக ஒதுக்கிக்கொண்டது என்கிறார் பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன். சீன எழுத்தானாலும் ஆங்கில எழுத்தானாலும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது இடப்பக்க மூளையின் அடியில், சற்றுப் பின்னால், ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைந்திருக்கிறது. வாக்கியம் கட்டுவதும் சொல் தேடுவதும் வேறு இடங்களில் நடக்கின்றன. பிராட்செட்டின் மூளையில் பழுதானது அச்சுக்கூடம். கதை உருவாகும் இடம் வெகுநாள் தாக்குப்பிடித்தது.

அந்த இடத்தை அவர் எப்படி வளர்த்தார்? பள்ளிப் பருவத்திலேயே முதல் கதையை விற்று, வந்த காசில் பழைய டைப்ரைட்டர் ஒன்று வாங்கினார். 1965-ல், 17 வயதில், படிப்பை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு மின் வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி, பொறுப்பில் அணுமின் நிலையங்கள். சேர்ந்த நேரமும் சரியான நேரம்தான்: அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை! பகலெல்லாம் ‘எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது’ என்று நிருபர்களுக்குச் சொல்லிவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து 400 சொற்கள் எழுதுவார். அதற்குக் குறையாது. ஒருநாள் நாவல் 300 சொற்களில் முடிந்துவிட்டது. மனிதர் புதுத் தாளைச் செருகி அடுத்த நாவலின் முதல் 100 சொற்களை அடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்று அவருடைய நண்பர் நீல் கெய்மன் எழுதியிருக்கிறார்.

400 என்பது ஒன்றரைப் பக்கம் வருமா? ஆனால் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,46,000 சொற்கள். தடித்த நாவல் ஒன்று எழுதி, மிச்சமும் இருக்கும். 1983-ல் டிஸ்க்வேர்ல்ட் வரிசையின் முதல் நாவல் வெளிவந்தது. 1987-ல் வேலையை விட்டார். அந்த வரிசையில் மொத்தம் 41 நாவல்கள்.

டிஸ்க்வேர்ல்ட் ஒரு தட்டை உலகம். நான்கு யானைகள் அதைத் தாங்க, யானைகளைப் பிரம்மாண்டமான ஆமை ஒன்று சுமந்துகொண்டு விண்வெளியில் நீந்துகிறது. திக்கஜங்களையும் கூர்மத்தையும் அறிந்த நமக்கு இது பழகிய படம்தான். படத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். பிராட்செட்டின் திறமை அடுத்த கேள்வியில் இருக்கிறது. மந்திரவாதிகள் வாழும் நகரமாகவே இருக்கட்டும், குடிதண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, சாக்கடை எந்த வழியாக வெளியே போகிறது? இளம் எழுத்தாளர்களுக்கு அவர் சொன்ன அறிவுரையும் இதுதான். மிகுபுனைவு எழுத ஆசைப்படுகிறவர்கள் மிகுபுனைவை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் பழைய சரக்கே சுற்றிச் சுற்றி வரும் என்பது அவர் கருத்து. அவரே விக்டோரியா காலத்து லண்டனின் தெருவோர ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ எழுதிய தொகுதிகளில் ஊறியவர். டிராகன் எப்படிப் பறக்கிறது என்பதை வாசகர் கேட்காமலே நம்பிவிடுவார். ஆனால் அந்த ஊரில் ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். நம் ஊரில் ராஜா கதை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளலாம்.

நோய் முற்றியபோது விரல்களை விட்டுவிட்டுக் குரலுக்கு மாறினார். உதவியாளர் ராப் வில்கின்ஸிடம் சொல்லி எழுதவைத்தார், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் சொன்னார். எந்த அகராதியிலும் இல்லாத ஊர்களும் பேர்களும் நிறைந்த நாவல்களைப் பாவம், மென்பொருள் எப்படி அறியும்? பழக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. 2010-ல் பிபிசிக்காகத் தயாரித்த உரையைத் தாமே படிக்க முடியாமல், நடிகர் டோனி ராபின்சனைப் படிக்கச் சொன்னார். ஆனால் அதே ஆண்டிலும் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அவருடைய நாவல்கள் தொடர்ந்து வந்தன. கடைசி டிஸ்க்வேர்ல்ட் நாவல் அவர் இறந்த பிறகு, 2015-ல் வெளிவந்தது.

முடிக்காத எழுத்துகள் இருந்த வன்வட்டை ஸ்டீம் ரோலர் ஏற்றி நசுக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். 2017 ஆகஸ்ட் 25 அன்று, இங்கிலாந்தின் டார்செட்டில் அப்படியே செய்தார்கள்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் நாவலில் தொடங்காதீர்கள், அதில் அவர் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார். நான்காவதான ‘மார்ட்’டை எடுங்கள். அதில் எமன் வேலை கற்றுக்கொடுக்க ஒரு பையனைச் சேர்த்துக்கொள்கிறான்.