நத்தைச் சேதமும் உங்கள் மண்ணும்

பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கும் உங்களுக்கு முதலாவது காலபோகம் மிகவும் முக்கியமானது. கையில் இருப்பது கொஞ்ச விதையும் கொஞ்ச நாற்றும்தான். மழை தொடங்கியதும் அவற்றை நத்தை தின்றுவிட்டால், மீண்டும் விதைக்க விதையும் இராது, காலமும் பிந்திவிடும். எனவே விதைக்கும் முன்னரே உங்கள் மண்ணைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுங்கள்.

நத்தைக்கு என்ன தேவை?

ஓடுள்ள பெரிய ஆபிரிக்க நத்தையும், ஓடில்லாத வழுவழுப்பான நத்தையும் ஈரத்தையும் மறைவிடத்தையும் நம்பியே வாழ்கின்றன. பகலில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து தின்னும். முட்டைகளை ஈரமண்ணுக்குள் இடும். ஆபிரிக்க நத்தை ஒரு தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. நீண்டகாலம் கைவிடப்பட்டிருந்த வளவில் பற்றை, உக்கிய மரம், இடிந்த சுவர், ஓட்டுக் குவியல் எல்லாம் அதற்கு வீடாகிவிடுகின்றன.

உங்கள் மண் எது?

*களிமண்:* முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளின் கருமண்ணும், குளத்தின் கீழுள்ள வயல் மண்ணும் ஈரத்தை நீண்டநேரம் பிடித்து வைத்திருக்கும். உழுதபின் பெரிய கட்டிகளாகக் கிடந்தால் அவற்றின் இடைவெளிகளில் நத்தை ஒளிந்துகொள்ளும். சேதம் அதிகமாக ஏற்படக்கூடிய மண் இதுவே.

*செங்கபில மண்:* வன்னியின் மேட்டுக்காணிகளில் காணப்படுவது. காய்ந்தால் இறுகும், மழையில் கட்டி கட்டியாகப் பெயரும். கட்டிகளை உடைத்துப் பண்படுத்தினால் சேதம் குறையும்.

*யாழ்ப்பாணச் செம்மண்:* நீர் விரைவாக வடியும். ஆனால் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால், நத்தை ஓடு வளர்வதற்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதற்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கிணற்று நீர் பாய்ச்சும் தோட்டங்களில் கவனம் தேவை.

*மணல் மண்:* கரையோரங்களில் உள்ளது. மேற்பரப்பு விரைவில் காய்வதால் நத்தை குறைவு. ஆனால் வளம் குறைந்த மண் என்பதால் பயிர் மெதுவாகவே வளரும்.

மண்வளம் ஏன் முக்கியம்?

நத்தையால் அதிக ஆபத்து முளைப் பருவத்திலேதான். தண்டு முற்றி, சில இலைகள் விட்டபின் கத்தரி, மிளகாய், பயிற்றை போன்றவை ஓரளவு கடியைத் தாங்கும். வளமான மண்ணில் பயிர் இந்த ஆபத்தான நாட்களை விரைவாகக் கடந்துவிடும். வளமற்ற மண்ணில் நாற்று நோஞ்சானாக நின்று பல இரவுகள் நத்தைக்கு இரையாகும்.

அதற்காக யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் இலை மென்மையாகி நத்தைக்கு இன்னும் விருப்பமாகிவிடும். நன்றாக உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இடுங்கள். உக்காத வைக்கோலையும் சருகையும் இளம் நாற்றின் அருகே போடாதீர்கள். மணல் மண்ணுக்கு மூடாக்கு அவசியம்தான். ஆனால் பயிர் நிமிர்ந்த பின்னரே இடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

- கட்டிகளை உடைத்து, விதைத்தபின் மண்ணை மெதுவாக அழுத்திவிடுங்கள்.
- களிமண்ணில் மேட்டுப்பாத்தி அமைத்து வடிகால் வெட்டுங்கள்.
- மாலையில் அல்லாமல் காலையில் நீர் பாய்ச்சுங்கள். இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும்.
- நாற்றுக்களைச் சற்று வளர்ந்த பின்னர் நடுங்கள்.
- மாலையில் நனைத்த சாக்கைப் பாத்தியோரம் விரித்து வையுங்கள். விடிய அதன்கீழ் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைச் சேகரித்து, வாளியில் கடும் உப்புநீரில் இட்டு அழியுங்கள். இறந்தவற்றைக் கிணற்றுக்குத் தொலைவில் புதையுங்கள்.
- அயலவர்களும் சேர்ந்து ஒரே நாட்களில் சேகரித்தால் பலன் கூடும்.

கவனத்திற் கொள்ளுங்கள்

- உப்பை மண்ணில் தூவாதீர்கள். நத்தை சாகும், மண்ணும் கெடும்.
- நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். அது நோய்க்கிருமிகளைக் காவக்கூடியது. கையுறை அல்லது பொலித்தீன் பை பயன்படுத்தி, பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கீரைகளை நன்றாகக் கழுவிச் சமையுங்கள். சிறுவர்களை நத்தையோடு விளையாட விடாதீர்கள்.
- கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்ட காணியில் மட்டும் பற்றை வெட்டுங்கள். சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

உங்கள் மண் எந்த வகை என்று தெரியாவிட்டால், கைப்பிடி ஈரமண்ணை உருட்டிப் பாருங்கள். நீண்ட திரியாக உருண்டால் களி, உதிர்ந்தால் மணல். மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள்.